நான்காம் விதியின்படி சிக்கிய துப்பாக்கி

'டுமீல்' என்று ஒரு சத்தம். அதற்குப் பின்னாலேயே 'க்ளக்' என்று இன்னொன்று.

முதல் சத்தத்தால் மனித குலத்துக்கு எந்தப் பயனும் இல்லை. டுமீல் என்று யார் வேண்டுமானாலும் சுட்டுவிடலாம். சிந்தனையைத் தூண்டுவது இரண்டாவதுதான். ஆர்கன்சா மாநிலத்து ஆமை ஓடை மான் வேட்டைச் சங்கம் உலகுக்கு இதுவரை வழங்கியுள்ள தொழில்நுட்ப அறிவு முழுவதும் அந்தக் 'க்ளக்'கில் பிறந்ததுதான்.

இன்று அது எழுந்தது சங்கத் தலைவர் ஹார்லன் பெட்டஸின் மரப்பரணிலிருந்து. பரணுக்கு எதிரே, கல்லெறி தூரத்தில், கொம்பு விரிந்த ஆண்மான் ஒன்று நின்றிருந்தது. முதல் குண்டு எங்கே போனது என்று குண்டுக்கே தெரியாது. மான் தலையைத் தூக்கிப் பரணைப் பார்த்தது. ஹார்லன் மறுபடி விசையை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. சுட்டவுடன் காலித் தோட்டாவைத் துப்பிவிட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ள வேண்டிய செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் அது. ஆனால் காலித் தோட்டா வெளியே வராமல், பல்லிடுக்கில் மாட்டிய கறித்துண்டு போல உள்ளேயே உட்கார்ந்திருந்தது. மான் சிறிது நேரம் காத்திருந்தது. இதற்கு மேல் நிகழ்ச்சி எதுவும் இல்லை என்று தெரிந்ததும் நடந்தே போய்விட்டது.

ஹார்லன் கலங்கவில்லை. சிக்கிய தோட்டாவைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதிகூடப் படர்ந்தது.

அந்த நிம்மதியைப் புரிந்துகொள்ள, சங்க விதிகளைப் புரிந்துகொள்ள வேண்டும். மானைத் தவறவிட்டவரின் சட்டை, பின்பக்கம் தொங்கும் பகுதியில் கத்தரிக்கப்படும். அந்தத் துணியில் பெயரும் ஆண்டும் எழுதி முகாம் வீட்டின் சுவரில் ஆணி அடிக்கப்படும். இது மூன்றாம் விதி. 'ஆயுதக் கோளாறு' ஏற்பட்டவருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. இது நான்காம் விதி. எழுதியவர் ஹார்லன்.

நான்காம் விதி வந்த பிறகு உறுப்பினர்களிடையே தொழில்நுட்ப விழிப்புணர்வு பெருகியது. ஓடெலின் துப்பாக்கி ஆண்டுதோறும் சிக்கியது. டெல்மரின் துப்பாக்கி சிக்காத ஆண்டுகளில் அதன் தொலைநோக்கியில் பனி படர்ந்தது. சுவரில் தொங்கிய துணிகளெல்லாம் விதி தெரியாமல் விருந்தாளியாக வந்த அப்பாவிகளுடையவை. அவர்களில் ஒரு பாதிரியாரும் உண்டு. இத்தகைய கட்டுப்பாடான சங்கத்துக்கு இந்தப் பருவத்தில் ஒரே ஒரு மான்தான் கிடைத்தது. அது நெடுஞ்சாலையில் மேவிஸின் பிக்கப் வண்டி முன்னால் வந்து விழுந்தது.

மேவிஸ், ஹார்லனின் மனைவி ரமோனாவுக்குத் தங்கை. போன ஆண்டுதான் சங்கத்தில் சேர்ந்தாள். சேர்ந்த வேகத்தில் நான்காம் விதிக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். 'ஆயுதக் கோளாறு' என்பதற்கு முன்னால் 'நிரூபிக்கப்பட்ட' என்று ஒரு சொல். எல்லார் கிண்ணத்திலும் மாட்டிறைச்சிக் குழம்பு சூடாக இருந்த நேரம் பார்த்து வாக்கெடுப்பு நடத்தியதால் திருத்தம் ஒருமனதாக நிறைவேறியது.

ஹார்லனுக்குச் சட்டை பெரிதல்ல, சட்டை வேறு வாங்கிக்கொள்ளலாம். நகரத்தில் டிராக்டர் உதிரி பாகங்கள் விற்கும் அவர், இணையத்தில் 'சிக்கிய துப்பாக்கிக்கு ஹார்லனைக் கேளுங்கள்' என்ற பகுதியை நடத்திவந்தார். மொன்டானாவிலிருந்தும் பின்லாந்திலிருந்தும் முகம் தெரியாத ஆண்கள் அவரைப் 'பேராசிரியர்' என்று அழைத்தார்கள். அவர் பெயர் எழுதிய துணி சுவரில் ஏறினால், அடுத்த நிமிடமே டெல்மர் அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிடுவான். பேராசிரியர் பதவி அன்றோடு போச்சு.

ஆகவே, தோட்டா சிக்கியபடியே துப்பாக்கியைத் தடயம் கலையாமல் முகாமுக்குத் தூக்கிவந்தார். 'உயர்மட்டத் தொழில்நுட்ப விசாரணைக் குழு' கூடியது. வெளியே உறைபனி. உள்ளே விறகடுப்பு கனன்றது. மிச்சத் தோட்டாக்கள் இருந்த மேகசினைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியை அடுப்போரத்து மேசைமேல் கிடத்தி, சுற்றி நாலு பேரும் அமர்ந்தார்கள். மேவிஸ் கத்தரிக்கோலைக் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஓடெல், குற்றம் தோட்டாவுடையது என்றார். மலிவுத் தோட்டா வெடித்ததும் ஊதிப்போய் துப்பாக்கியின் தோட்டா அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு எதற்கும் அசையாது என்று விளக்கினார். பழைய கார் விற்கும் டெல்மர் அதை மறுத்தான். தோட்டாவின் விளிம்பைப் பிடித்து இழுக்கும் கொக்கி தேய்ந்திருக்கிறது, அதை மாற்ற வேண்டும் என்றான். கொக்கியை மாற்றினால் சுருள்வில்லை மாற்றாமல் முடியாது, சுருள்வில்லை மாற்றினால் தோட்டாவை உள்ளே தள்ளி வெளியே இழுக்கும் போல்ட்டை விட்டுவைக்க முடியாது என்று மேலே மேலே போனான். கடைசியில் பழைய துப்பாக்கியில் தோள்வார் மட்டும் மிஞ்சியது. துப்பாக்கியைக் கடைசியாக எப்போது துடைத்தீர்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஆண்பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிற கேள்வியா அது?

அப்போதுதான் அறையில் ஒரு வாசனை பரவியது. நல்ல வாசனை. மேவிஸ் மூக்கை உறிஞ்சினாள். அடுப்பைத் திறந்து பார்த்தாள். பிறகு குனிந்து துப்பாக்கியை முகர்ந்தாள்.

"அத்தான், இதுக்கு என்ன எண்ணெ போடுறீங்க?"

ஹார்லன் தொண்டையைச் செருமிக்கொண்டார். மானின் மூக்கைப் பற்றி ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினார். துப்பாக்கி எண்ணெயின் வாடை காடு முழுக்க மான்களுக்கு எட்டிவிடுகிறது. தாம் பல ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகு 'மணமற்ற உயவு முறை' ஒன்றைக் கண்டுபிடித்து, இணையத்திலும் வெளியிட்டிருப்பதாகத் தெரிவித்தார்.

"அது என்னன்னுதான் கேட்டேன்."

"தாவர அடிப்படையிலானது."

"அக்கா ரொட்டி சுட வெச்சிருந்த வனஸ்பதியா?"

"அப்படியும் சொல்லலாம்."

"அதான் எனக்கு அப்பலேருந்து பசிக்குது" என்றார் ஓடெல்.

விடியற்காலைக் குளிரில் வனஸ்பதி கல்லாக உறைந்து போல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது அடுப்புச் சூட்டில் உருகி, மேசை விரிப்பில் குளம் கட்டிக்கொண்டிருந்தது. ஓடெல் ஒரு துணியைச் சுற்றிப் போல்ட்டை இழுத்தார். காலித் தோட்டா வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது.

ஹார்லன் எழுந்து நின்றார். ஆயுதக் கோளாறு ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டுவிட்டது, விசாரணையை இத்துடன் முடித்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்.

"உக்காருங்க அத்தான்" என்றாள் மேவிஸ். "க்ளக் ரெண்டாவதாத்தானே வந்துச்சு. மொதல்ல வந்தது டுமீல். அந்தக் குண்டு எங்க?"

ஹார்லன் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார். பிறகு, சிக்கல் என்பது ஒரு நிகழ்ச்சி அல்ல, ஒரு நிலை என்றார். துப்பாக்கி சிக்குவதற்கு முன்பே சிக்கும் மனநிலைக்கு வந்துவிடுகிறது, முதல் குண்டும் அந்த மனநிலையில்தான் புறப்பட்டது என்றார். டெல்மர் ஆமோதித்தான். ஓடெல் நெகிழ்ந்துபோனார். மேவிஸ் மட்டும் அசையவில்லை. துப்பாக்கியைச் சுத்தம் செய்து முறையான எண்ணெய் போட வேண்டும், குழுவினர் ஒவ்வொருவரும் சுட்டுப் பார்க்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தாள். துப்பாக்கி ஒழுங்காக வேலை செய்தால், தவறு சுட்டவருடையது.

ஹார்லன் தலையாட்டினார். வேறு வழியில்லை. முதல் குண்டைப் பற்றிய உண்மை அவர் ஒருவருக்குத்தான் தெரியும். விசையை அழுத்தும் நேரத்தில் அவர் கண்ணை மூடிக்கொள்வார். முதன்முதலில் துப்பாக்கி பிடித்த நாளிலிருந்து அப்படித்தான். ரமோனாவிடம்கூடச் சொன்னதில்லை. பின்லாந்துக்காரர்களிடம் சொல்வாரா?

முகாமுக்குப் பின்னால் ஒரு மண்மேடு. அதில் பழைய ஃபிரிட்ஜ் கதவு ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மான் நின்ற அதே தூரம்தான். எல்லாரும் காதடைப்பான் மாட்டிக்கொண்டார்கள். காலித் தோட்டா வெளியே வந்து விழுகிறதா என்று பார்க்க ஹார்லன் பக்கவாட்டில் நிறுத்தப்பட்டார்.

முதலில் ஓடெல். சுட்டார், தோட்டா குதித்தது. மறுபடி சுட்டார், மறுபடி குதித்தது. அது துள்ளி விழுந்த அழகில் டெல்மர் கை தட்டினான். ஹார்லன் தோட்டாவைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது ஓடெலின் முகத்தை. ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனையில் நிற்பதுபோல் ஓடெலின் கண்கள் இறுக மூடியிருந்தன.

அடுத்து டெல்மர். அவன் கண்ணை மூடியது மட்டுமல்ல, முகத்தையும் கொஞ்சம் திருப்பிக்கொண்டான்.

கடைசியில் மேவிஸ். கத்தரிக்கோலைப் பின்பாக்கெட்டில் செருகினாள். காலை அகட்டி, முதுகை நிமிர்த்தி, சிலைபோல் நின்றாள். உதட்டை இறுக்கினாள். அதோடு கண்களையும்.

ஹார்லன் தம் பங்குக்குச் சுட்டார். வழக்கப்படி.

ஒரு தோட்டாகூடச் சிக்கவில்லை. துப்பாக்கி குற்றமற்றது என்று நிரூபணமானது. நால்வரும் மண்மேட்டை நோக்கி நடந்தார்கள்.

ஃபிரிட்ஜ் கதவு வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஒரு கீறல் இல்லை. அதன் நடுவில் யாரோ என்றைக்கோ ஒட்டிய நண்டு வடிவக் காந்தப் பொம்மைகூட இரண்டு கொடுக்கையும் தூக்கியபடி பத்திரமாக இருந்தது.

ஓடெல் தம் பூட்ஸை ஆராய்ந்தார். டெல்மர் கைப்பேசியைப் பாக்கெட்டுக்குள் போட்டான். ஹார்லன் யாரையும் பார்க்காமல் தம் சட்டையின் பின்பக்கத்தை வெளியே இழுத்து விட்டுக்கொண்டு நின்றார்.

மேவிஸ் கத்தரிக்கோலை எடுத்தாள். அதைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். தன் கட்டம் போட்ட புதுச் சட்டையைக் குனிந்து பார்த்தாள். கத்தரிக்கோலை மறுபடி பாக்கெட்டில் செருகிவிட்டு, துப்பாக்கியைக் குழந்தையைப்போல் இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டாள்.

"பாவம், எவ்வளவு மோசமா சிக்கியிருக்கு பாருங்க அத்தான்."