ராணியின் இருமல் பதிவேடு

மனித நாகரிகம் எந்த உயரத்தைத் தொட்டது என்று யாராவது கேட்டால், தயங்காமல் (சற்றுத் தயங்கித்தான்) சொல்வேன்: 1953-ல் ராயபுரம் கரிக் கிடங்கில் நாங்கள் அமைத்த ‘நாய் மூச்சு நலக் குழு’.

ராணி எங்கள் முதலாளி ஆறுமுகநயினாரின் பொமரேனியன். முழ நீளம்தான். இருமினால் வாத்து கத்துவது போலிருக்கும். நாய் டாக்டர் மனோகரன் வந்து அதன் தொண்டையைத் தடவிப் பார்த்தார்.

“சின்ன ஜாதி நாய்களுக்கு மூச்சுக்குழாய் வளையங்கள் தளர்ந்துபோகும். மூச்சை இழுத்தால் குழாய் தட்டையாகிவிடும். கழுத்துப் பட்டை வேண்டாம், மார்பில் வார் கட்டுங்கள். கொழுக்க விடாதீர்கள். முக்கியமாக, இந்தக் கரித்தூசி ஆகாது.”

குழு கூடியது. பட்டைக்கே ஒன்றரை மணி நேரம் போயிற்று. கிடங்குக்குள் நுழையும் எவரும் கழுத்தில் பித்தளை வில்லை தொங்கவிட வேண்டும் என்பது விதி. பட்டை இழந்த ராணிக்கு ‘விசேஷ விலக்கு’ அளித்தோம். அதன் தினசரி அல்வா ‘ஒத்திவைக்கப்பட்டது’. முதலாளியின் ஜன்னலடியில் நடந்த கரி சலிப்பைப் பின்பக்கத் தகரக் கொட்டகைக்கு மாற்றினோம். கொட்டகைக்கு ஜன்னல் கிடையாது. தூசி வெளியே வராது.

மாலை வகுப்பில் பட்டியல் போடக் கற்ற கிடங்குக் குமாஸ்தா நான் என்பதால் இருமல் பதிவேடு என் பொறுப்பு. என் மேசைக்கு ஒரு சுவருக்கு அப்பால் ராணி, மறு சுவருக்கு அப்பால் கொட்டகை. காதால் கேட்டு எண்ணுவேன். என் காது மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனாலும் முதல் நாள் நாற்பது, இரண்டாம் வாரம் நாளுக்கு ஆறு. மருத்துவ விஞ்ஞானம் வென்றது!

மூன்றாம் வாரம், கரி சலிக்கும் கன்னியம்மா என் மேசைக்கு வந்தாள்.

“நைனா, கொட்டாயில மூச்சு வுட முடியல. மொதலாளியாண்ட சொல்லி சல்லடைய வெளிய போடச் சொல்லேன். நாய் இருமுனா சல்லடையே நவுருது. நான் இருமுனா ஈ கூட நவுரல.”

முதலாளியிடம் அழைத்துப் போனேன்.

“இருமலா? பதிவேட்டுல இருக்கா வே?” என்று புரட்டியவர் திடுக்கிட்டார். “வியாழக்கிழமை பதினொண்ணா? அன்னைக்கு ராணி எங்ககூட வண்ணாரப்பேட்டை கல்யாணத்துலல்லா இருந்தா!”

அந்த நேரம் பார்த்துக் கன்னியம்மா இருமினாள். கழுத்து வில்லை குதித்தது. அச்சு அசலாக வாத்துக் குரல்.

“அது என்னுதுதான் சாமி!” என்றாள், பரீட்சையில் பாஸானவள் போல. “பதினொண்ணும் என்னுது. எய்திக் கீது பாரு!”

முதலாளி பதிவேட்டின் அட்டையைக் காட்டினார். ‘ராணி’ என்றிருந்தது.

“தப்பைத் திருத்தும் வே.”

ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா? அளவுகோல் வைத்து, சிவப்பு மையில், பதினொன்றையும் அடித்தேன். பிறகு அவர் சொல்லச் சொல்ல உத்தரவை எழுதினேன்: ‘கன்னியம்மாளுக்கு இருமல் இருந்ததாகப் பதிவேதும் இல்லை. கொட்டகையிலேயே தொடரவும்.’

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று முதலாளி பாராட்டினார். கொட்டகைச் சுவருக்கு அப்பால் மீண்டும் வாத்துக் குரல் கேட்டது. இப்போது நான் தேர்ந்துவிட்டேன். எண்ணவில்லை.