ஐந்தாம் மாடிக்கு ஒரு கஞ்சி

சமையலறை பதில் சொல்லவில்லை.

காலை பத்து மணியிலிருந்து ஜோதி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வாயால் அல்ல, கம்ப்யூட்டரால். வார்டில் நர்ஸ் ஒரு பட்டனைத் தட்டினால், வார்டு சாஃப்ட்வேர் சமையலறை சாஃப்ட்வேரிடம் "இன்னாருக்குச் சாப்பாடு தயாரா?" என்று கேட்க வேண்டும். பதில் வரும்வரை அங்கேயே காத்து நிற்க வேண்டும். கேட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிற ரகம் இல்லை இது. இந்த இரண்டையும் பேச வைப்பதுதான் ஜோதியின் வேலை. கல்யாணப் பேச்சு நடத்துவது இதைவிட எளிது.

அவளுடைய கம்பெனி சென்னையில். வேலை கொடுத்திருப்பது திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரி. இது ஓடிவிட்டால் அவள் திருச்சியிலேயே தங்கிவிடலாம். ஓடாவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் ரயில், மறுபடியும் வேளச்சேரி ஹாஸ்டல். இதே திருச்சியில், எடமலைப்பட்டி புதூரில் அவளுக்கு இரண்டு வயது மகள் இருக்கிறாள். போன மாதம் வீடியோ காலில் அம்மாவைப் பார்த்த குழந்தை, போனைத் திருப்பி அதன் முதுகுப் பக்கம் அம்மாவைத் தேடியது. அன்றைக்கு ஜோதி ஹாஸ்டல் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர் பீமராவ். ஸ்ரீரங்கத்துக்காரர். இன்று ஏகாதசி, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத விரதம். நாலு மணிக்குக் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்.

"நாலுக்குள்ள ஒரே ஒரு பதில் வரட்டும்மா. கேள்வி போய் பதில் திரும்பி வந்ததைக் கண்ணால பாத்துட்டா கையெழுத்துப் போட்டுடறேன். வேகமெல்லாம் அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சொல்லியிருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் பசியில் இருக்கிற நல்ல மனிதர்.

சோதித்துப் பார்க்க ஒரு பொய் நோயாளி வேண்டும். உயிரோடு இருப்பவர் பெயரை நோயாளியாகப் போட ஜோதிக்குக் கை வரவில்லை. புருஷன் பெயரைப் போடுவாளா? மாமியார் பெயரைப் போட்டுவிட்டு வீட்டுக்குத்தான் போக முடியுமா? பழைய மேனேஜர் பெயரை அடித்துப் பார்த்தாள்; பாவம் என்று அதையும் அழித்தாள். கடைசியில் எட்டு வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்த அப்பாவின் பெயரைப் போட்டாள். அவருக்கு இனிமேல் என்ன வந்துவிடப் போகிறது? பிச்சமுத்து, வயது அறுபத்திரண்டு, அரிசிக் கஞ்சி, அறை எண் 512. ஐந்தாம் மாடி 511-உடன் முடிகிறது. இல்லாத அறை என்றால் யாருக்கும் தொந்தரவில்லை அல்லவா?

முதல் கேள்வி போனது. வார்டு சாஃப்ட்வேர் முப்பது வினாடி காத்திருந்து, பதில் இல்லை என்று கைவிரித்தது.

சமையலறை சாஃப்ட்வேரைச் செய்து கொடுத்த ரெஜிஸுக்குப் போன் போட்டாள். தன் பக்கம் எல்லாம் பக்காவாக இருக்கிறது என்றார் அவர். ஜோதியின் பக்கமும் பக்காதான். இந்தத் தொழிலில் எந்தத் தகராறிலும் இரண்டு பக்கமும் பக்காவாகவே இருக்கும்.

முப்பது வினாடி போதவில்லை போலிருக்கிறது என்று காத்திருக்கும் நேரத்தை இரண்டு நிமிடம் ஆக்கினாள். பதில் வரவில்லை. அந்த இரண்டு நிமிடமும் ஐந்தாம் மாடி நர்ஸ்களின் திரை அத்தனையும் உறைந்து நின்றதுதான் மிச்சம்.

பதில் வராவிட்டால் தானாகவே மறுபடி கேள், மூன்று தடவை கேள் என்று மாற்றினாள். இப்போது திரைகள் ஆறு நிமிடம் உறைந்தன. ஐந்தாம் மாடி நர்ஸ் அல்ஷிஃபா படியிறங்கி, இரண்டாம் மாடியில் ஜோதியின் அறைக்கே வந்துவிட்டாள். லிஃப்ட் வேறு காலையிலிருந்து ஓடவில்லை.

507-க்கு மருந்து கொடுத்ததைக்கூடப் பதிய முடியவில்லை என்று மரியாதையாகவே சொன்னாள். மரியாதையாகச் சொன்னதுதான் ஜோதிக்குச் சுருக்கென்றது. போகும்போது வாசலில் நின்று கேட்டாள்: "ஆமா மேடம், கிச்சன் வேலம்மாள் அக்கா எதுக்குத் தூக்குவாளியோட மாடிக்கும் கீழுக்கும் அலையிறாங்க?"

ஜோதி காதில் அது விழவே இல்லை. மணி இரண்டரை.

மூன்று மணிக்குக் கடைசி வித்தையாக, கேள்வியில் காலியாக இருந்த கட்டங்களை எல்லாம் நிரப்பினாள். ஏதாவது விடுபட்டதால் சமையலறை முறைத்துக்கொண்டிருக்கலாம் என்று ஒரு நப்பாசை. முக்கியத்துவம்: மிக அவசரம். குறிப்பு என்ற கட்டத்தில் என்ன போடுவதென்று தெரியாமல், "காலையிலிருந்து சாப்பிடவில்லை" என்று அடித்தாள். அது அவளுடைய நிலவரம். காத்திருக்கும் நேரத்தை ஒரு மணி நேரமாக்கினாள். இரண்டு யந்திரங்கள் பேசிக்கொள்ள ஒரு மணி நேரம்! வெளியே தெரிந்தால் தொழிலை விட்டே விரட்டிவிடுவார்கள். விஷயத்தைக் கேட்ட அல்ஷிஃபா, வார்டில் ஒரு கம்ப்யூட்டரை மட்டும் அவளுக்கு விட்டுக்கொடுத்தாள். அவளுக்கும் வீட்டில் குழந்தை இருக்கிறது.

மூன்று ஐம்பத்திரண்டுக்குத் திரையில் பச்சை எரிந்தது.

"ஆம்."

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த பீமராவ் ஒற்றைச் செருப்போடு வந்து பார்த்தார். கையெழுத்துப் போட்டார். ஜோதி இனி திருச்சியிலேயே இருக்கட்டும் என்று அவள் கண்ணெதிரிலேயே சென்னைக்கு மெயில் தட்டிவிட்டு, மறு செருப்பையும் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஜோதி வீட்டுக்குப் போன் செய்து, சாயங்காலம் வந்துவிடுவேன், எப்போதும் வந்துவிடுவேன் என்று உளறினாள்.

அப்புறம்தான் பதிலின் அடியில் இருந்த குறிப்பைப் பார்த்தாள்.

"முழுசா சாப்பிட்டார். தொட்டுக்க நார்த்தங்காய் கேட்டார். குடுத்தேன்."

ஜோதி அதை மறுபடி படித்தாள். அப்பா நார்த்தங்காய் இல்லாமல் கஞ்சியைத் தொடவே மாட்டார்.

ஓடினாள். சமையலறையில் வேலம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டேப்லெட். அதில் காலையிலிருந்து ஜோதி அனுப்பிய கேள்விகள் அத்தனையும் வரிசையாக நின்றன. ரெஜிஸ் இரண்டு முகவரி கொடுத்திருந்தார், ஒன்று ஒத்திகைக்கு, ஒன்று நிஜத்துக்கு. ஒத்திகையில் யந்திரம் தானே பதில் சொல்லிவிடும். நிஜத்தில் வேலம்மாள்தான் தட்ட வேண்டும். ஜோதி போட்டிருந்தது நிஜத்தை.

"தயாரான்னு கேட்டா, தயார்னு ஒரு தட்டுத் தட்ட வேண்டியதுதானே அக்கா?"

"வாய்க்குப் போகாம எப்படிம்மா ஆமான்னு சொல்றது?" என்றார் வேலம்மாள். "நீங்களோ விடாம கேக்கறீங்க. காலையிலேர்ந்து சாப்பிடலைன்னு வேற போட்டிருக்கீங்க. மேல போனா 512-ன்னு ரூமே இல்ல. 511 தாண்டி பெஞ்சுல ஒருத்தர்தான் உக்காந்திருந்தார். போறப்பல்லாம் நான் அவர் இல்லைன்னார். கடைசியில ஒத்துக்கிட்டார். கஞ்சின்னா சில பேருக்கு ஒரு கூச்சம்."

ஜோதி ஐந்து மாடியும் ஏறினாள். பெஞ்சில் ஒரு பெரியவர், கழுவிய தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா, நீங்க பிச்சமுத்துங்களா?" என்றாள். மூச்சு வாங்கியது. ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஒரு கணம் இருந்தது அவளுக்கு.

"இல்லம்மா, என் பேரு அற்புதசாமி, வையம்பட்டி. உள்ள சம்சாரத்துக்கு ஆபரேஷன்" என்றார் அவர், தூக்குவாளியை அவளிடம் நீட்டியபடி. "எனக்குக் கஞ்சி தொண்டையில எறங்காது, அதான் ஊறுகா கேட்டேன். மூணு தடவை நான் அவர் இல்லைன்னுதான் சொன்னேன். நாலாவது தடவையும் அந்தம்மா முட்டியப் புடிச்சுக்கிட்டுப் படியேறி வந்து நிக்கவும், மனசு கேக்காம நான்தான் பிச்சமுத்துன்னு சொல்லிட்டேன்."