அணிலுக்கு ஐந்து சட்டை

பொய் சொல்வதில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. திருப்பிப் பேசத் தெரிந்தவர் மேல் பழி போடவே மாட்டேன். அதனால்தான் அணிலைத் தேர்ந்தெடுத்தேன்.

விஷயம் இதுதான். என்னிடம் நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று இருக்கிறது. ஒன்பது வருஷப் பழக்கம். காலர் நைந்துவிட்டது. ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டால் தொப்பை தெரியாது என்று ஒரு நம்பிக்கை. எனக்கு மட்டும் உள்ள நம்பிக்கை.

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பொழுதுபோக்கு. எனக்குக் கொல்லைப்புறம். பைனாகுலரும் நோட்டுமாக உட்கார்ந்து, '7.10: மைனா இரண்டு. சண்டை. பெண் மைனா ஜெயித்தது' என்று எழுதுவேன். என் மனைவிக்குத் துணியில் தபால் அட்டை செய்வது. அட்டை அளவுக்குத் துணியை வெட்டி, உள்ளே கெட்டியாக அட்டை ஒன்றை வைத்து, மேலே துண்டுத் துணிகளால் பறவை, பூ என்று தைத்து, ஓரத்தை மெஷினில் அடித்து, பின்பக்கம் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி, நிஜமாகவே போஸ்ட் பண்ணிவிடுவாள். ஊர் ஊராகத் தோழிகள். அவர்களும் பதிலுக்கு அனுப்புவார்கள். அந்தத் தோழிகளின் கணவர்கள் இப்போது எதை உடுத்துகிறார்கள் என்று நான் கவலைப்படாத நாளில்லை.

ஒரு வாரம் லீவு போட்டிருந்தேன். புதன்கிழமை ஆரம்பித்தாள்.

"என்னங்க, ஒரு மீன்கொத்தி செய்யணும்."

"செய்யேன்."

"றெக்கைக்கு நீலம் வேணும்."

"கடையில கிடைக்கும்."

"அதுல கட்டம் இருந்தா இன்னும் எடுப்பா இருக்கும்."

"மீன்கொத்திக்கு ஏது கட்டம்?"

"என் மீன்கொத்திக்கு உண்டு."

முடியாது என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். போன மாதம் சொன்னேன். மறுநாள் என் முழுக்கைச் சட்டை அரைக்கைச் சட்டையாகிவிட்டது. "உங்களுக்கு இதுதாங்க பாந்தமா இருக்கு" என்றாள். வெட்டிய கைகள் மரங்கொத்தியாக எங்கேயோ பறந்துகொண்டிருந்தன.

வியாழக்கிழமை காலை அவள் குளிக்கப் போன நேரம். கொடியில் காய்ந்த நீலச் சட்டையை உருவினேன். கொல்லையில் ஓடாத பழைய வாஷிங் மெஷின் ஒன்று கிடக்கிறது. உள்ளே போட்டு மூடினேன். தலையில் துண்டோடு அவள் வெளியே வந்ததும் ஓடிப்போய் மூச்சு வாங்கினேன்.

"இங்க பாரேன், அநியாயத்தை. என் சட்டையை அணில் இழுத்துட்டுப் போயிடுச்சு."

"எந்த அணில்?"

"நம்ம அணில்தான். கூடு கட்ட."

"சட்டையையா?"

"நாரு, பஞ்சு, துணி, எதையும் விடாது. நோட்டுல கூட எழுதிட்டேன்."

காட்டினேன். '8.05: அணில் ஒன்று. சட்டை ஒன்று.'

படித்தாள். சிரிக்கவில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"பாவம்ங்க. குட்டி போட்டிருக்கும்."

"ஆமா, ஆமா."

"எத்தனை போடும்?"

"மூணு. நாலு கூட."

"அப்ப ஒரு சட்டை எப்படிங்க பத்தும்?"

உள்ளே போனாள். என் வெள்ளைக் கோடு போட்ட சட்டையோடு வந்தாள். கொல்லைச் சுவர் மேல் அழகாக விரித்தாள்.

"ஏய், அது ஆபீஸ் சட்டை."

"குட்டிங்க குளிர்ல நடுங்குதுங்க, உங்களுக்கு ஆபீஸ் கேக்குதா? வாயில்லா ஜீவன்கிட்ட அன்பா இருக்கணும்னு வீட்ல தினமும் பேசறது யாரு?"

நான்தான்.

சட்டை சுவரிலேயே கிடந்தால் என் அணில் பொய்யாகிவிடும். ஆகவே அணில் செய்ய வேண்டிய வேலையை நானே செய்தேன். அவள் அடுப்பைக் கவனிக்கப் போனதும் அதுவும் வாஷிங் மெஷினுக்குள் போனது.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பல் டாக்டருக்குச் சேதி எட்டியது. அவரும் கொல்லைப்புறப் பிரியர். எதைக் கேட்டாலும் நாற்காலியில் படுக்க வைத்துக் கேட்கிற மாதிரி இருக்கும்.

"பதட்டப்படாம சொல்லுங்க. எந்தப் பக்கம் இழுத்துச்சு? மேலயா, கீழயா?"

"மேல, டாக்டர்."

"ஒரே இழுப்புல வந்துதா, ரெண்டு நாளா ஆடிட்டு இருந்து வந்துதா?"

"ஒரே இழுப்பு."

"முப்பது வருஷமா அணில் பாக்கறேன். சட்டை எடுத்துப் பாத்ததில்ல. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கே மாடியில உக்காந்துடறேன்."

வெள்ளிக்கிழமை சுவரில் மூன்றாவது சட்டை. அவர் வீட்டு மாடியில் டாக்டர். எங்கள் கொல்லைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், குப்புறப் படுத்தபடி, கையில் துடைப்பத்தோடு நான். துடைப்பத்தை மெல்ல நீட்டிச் சட்டையைக் கொக்கி போட்டு இழுத்தேன். கூடவே, "கீச், கீச், கீச்." நடுவில் தும்மல் வந்தது. அதையும் அணில் மாதிரியே தும்மினேன்.

டாக்டர் இறங்கிச் சுவரோரம் ஓடி வந்து என் மனைவியைக் கூப்பிட்டார். "பாத்துட்டேன்மா. உடம்பு தெரியல. வால் மட்டும் தெரிஞ்சுது. துடைப்பம் மாதிரி அத்தனை பெருசு. குரல்தான் கரகரன்னு இருக்கு. சளி போல."

"வயசான அணில், டாக்டர்" என்றாள் என் மனைவி. "புத்தியும் கொஞ்சம் மட்டு."

சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

சனிக்கிழமை நாலாவது. ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது. ஐந்தும் வாஷிங் மெஷினுக்குள். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. திங்கட்கிழமை லீவு முடிந்தது. பீரோவைத் திறந்தேன். ஹேங்கர்கள் மட்டும் ஆடின. மேனேஜர் போனில் வந்தார். மூக்கால்தான் பேசுவார். "பத்து மணிக்கு மீட்டிங். பெரிய இடத்துலேர்ந்து வர்றாங்க. கொஞ்சம் டீசன்ட்டா வாங்க."

பனியனோடு போய் மனைவி முன்னால் நின்றேன்.

"போட்டுக்க ஒண்ணும் இல்ல."

"என்னைக் கேட்டா? அணிலைக் கேளுங்க."

"நீதானே எடுத்து எடுத்து வெச்ச?"

"அது எடுக்குதுன்னு நீங்க சொன்னதால வெச்சேன். அது எடுக்கல, எல்லாம் புளுகுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே தேடித் தர்றேன்."

ஒரு வார்த்தைதான். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஆண்பிள்ளைக்கு ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே, பனியனுக்குள்ளும் இருக்கிறது.

"அணில்தான் எடுத்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

"சரிங்க" என்று தையல் மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

நைசாகக் கொல்லைக்கு நழுவினேன். வாஷிங் மெஷின் மூடியைத் தூக்கினேன். உள்ளே ஒரு சட்டை கூட இல்லை. அடியில் ஒரே ஒரு துணித் தபால் அட்டை. அதில் ஒரு அணில், காலர் வைத்த நீலக் கட்டச் சட்டை போட்டுக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நின்றது. பின்பக்கம் என் பெயர், முகவரி, தபால்தலை. கீழே நூலால் தைத்திருந்தது:

'ஐயா, சட்டைகள் ஐந்தும் கிடைத்தன. குட்டிகள் நலம். அடுத்து பேன்ட் அனுப்பவும். இப்படிக்கு, அணில்.'

வீட்டுக்குள் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது. போட்டிருந்த பேன்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.