தண்ணீர்மேல் நிற்பவள்

தன் உயிர் உள்ளவரை மனைவியும் மகளும் ஏரியில் பலகைமேல் ஏறி நிற்கப் போவதில்லை என்று தையற்கடை மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்தார். முடிவை உரக்கச் சொல்லவில்லை. மனைவி பக்கத்து அறையில் இருந்தாள்.

கடையில்தான் அவர் மாஸ்டர். மெஷினை நிறுத்திவிட்டு மாடி ஏறினால் அந்தப் பட்டம் செருப்போடு வாசலிலேயே கழன்றுவிடும்.

விவகாரம் இதுதான். ஊர் ஏரியில் நீச்சல் டீச்சர் ஒருத்தி பெண்களுக்கென்று வகுப்பு தொடங்கியிருந்தாள். நீளப் பலகையை மிதக்கவிட்டு, அதன்மேல் நின்றபடி துடுப்புப் போட்டுப் போகவேண்டும். மருந்துக்கடைக்காரியும் பக்கத்து வீட்டு நர்ஸும் சேர்ந்தாகிவிட்டது. மனைவிக்கு ஆசை. மகளுக்கு அதைவிட ஆசை. பள்ளியில் தன் பெயரைச் சொல்லவே கூச்சப்படுகிற பெண், கரையில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு "அம்மா, நானும்" என்றாளாம். ஆனால் டீச்சர் கறார். காலைச் சுற்றுகிற தொளதொள உடையோடு வந்தால் கரையோரத்தைத் தாண்ட விடமாட்டாள். உடம்போடு ஒட்டிய உடுப்பு வேண்டும்.

"நீங்க தைச்சுக் குடுத்தா போதுங்க."

"துணி இல்ல."

"நான் வாங்கித் தரேன்."

"நூல் இல்ல."

"அதையும் வாங்கித் தரேன்."

"நேரம் இல்ல."

"அது எந்தக் கடையில கிடைக்கும்னு சொல்லுங்க. அதையும் வாங்கிட்டு வரேன்."

பேச்சில் மனைவியை அவர் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. அந்த வாய் அவளுக்கு ஏரிக்கரைத் தெருவில் இருக்கும் அம்மாவிடமிருந்து வந்தது. உண்மையில் மாஸ்டருக்குத் தண்ணீர் என்றால் பயம். வாளி நிரம்பினாலே தள்ளி நிற்பவர். அந்தச் சின்னப் பெண் ஏரி நடுவில் நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதையே சொல்லியிருக்கலாம். மானம் போய்விடுமே! எனவே ஒரு பேயை அவிழ்த்துவிட்டார்.

"அந்த ஏரியில ஒருத்தி நிக்கிறா, தெரியுமா?"

"எங்க நிக்கிறா?"

"தண்ணி மேல. விடியக்காலப் பனியில. வெள்ளை அங்கி. கீழ் ஓரம் தையல் பிரிஞ்சு தொங்கும்." தையற்காரர் கற்பனை தையலைத் தாண்டிப் போகவில்லை. "கிட்ட வந்து 'தைச்சாச்சா?'ன்னு கேப்பா. இல்லைன்னு சொன்னவங்க வீடு திரும்பினதில்ல."

"ஆச்சுன்னு சொன்னா?"

இதை மாஸ்டர் யோசித்து வைத்திருக்கவில்லை. "அது... இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "நல்லவேளை சொன்னீங்க! நாங்க போகலப்பா." மகள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். மாஸ்டர் ஜெயித்துவிட்டார். அது அவ்வளவு ருசிக்கவில்லை.

மறுநாள் நர்ஸ் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"மாஸ்டர், ஏரிப்பக்கம் போயிடாதீங்க. டூட்டி முடிஞ்சு வரும்போது பார்த்தேன். தண்ணி மேல ஒருத்தி நிக்கிறா."

மாஸ்டர் சிரித்தார். "என் வீட்டுக்காரி சொன்னாளா?"

"அவங்களைப் பார்த்தே ரொம்ப நாளாச்சு. அவ கையில ஒரு ஊசி இருந்தது மாஸ்டர். நூல் கோக்காத ஊசி."

சிரிப்பு நின்றது. ஊசியை அவர் கதையில் வைக்கவே இல்லை.

அடுத்த நாள் பூட்டைத் திறந்து கடைக்குள் நுழைந்தால், வெட்டுகிற மேசைமேல் ஒரு வெள்ளை அங்கி. ஈரம். பாசி நாற்றம். தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். விரல் நுனியால் கீழ் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். கிழியவில்லை. யாரோ பொறுமையாக, ஒவ்வொரு தையலாகப் பிரித்திருந்தார்கள்.

"ஏங்க," என்றாள் மனைவி அன்று சாப்பிடும்போது, "தூக்கத்துல 'தைக்கல, தைக்கல'ன்னு உளறுறீங்களே, என்னது?"

மாஸ்டர் பாதிச் சோற்றில் எழுந்து கடைக்குப் போனார். அங்கியின் ஓரத்தை மடித்துத் தைத்தார். ஞாயிறு விடியலில், போர்வைக்குள் அசையாமல் கிடந்த மனைவியையும் மகளையும் எழுப்பாமல், அங்கியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார். கரையில் வைத்துவிட்டு ஓடிவிடுவதாகத் திட்டம்.

ஏரியைக் காணோம். எங்கும் பனி. பறவைச் சத்தம்கூட இல்லை. எங்கோ 'சளக்' என்று ஒரு சத்தம். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி, இன்னும் கிட்டத்தில், 'சளக்'.

பனிக்குள்ளிருந்து ஒருத்தி வந்தாள். வெள்ளை. நடக்கவில்லை. நின்றபடியே வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சில நிழல்கள், எல்லாம் தண்ணீர்மேல் நின்றபடி. கடைசி நிழல் சின்னது. எல்லாரையும்விட நிமிர்ந்து நின்றது.

"தைச்சாச்சா?" கரகரத்த குரல்.

"ஆச்சு தாயே, ஆச்சு!" அங்கியை வீசினார்.

"இவங்களுக்கெல்லாம்?"

"தைக்கிறேன்! எல்லாருக்கும் நானே தைக்கிறேன்! கூலி வேண்டாம்!"

"அளவு வீட்டுக்கு வரும்," என்றது குரல். பனி மூடிக்கொண்டது.

மாஸ்டர் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். கொஞ்ச நேரத்தில் மனைவி ஈரத்தலையோடு வந்து, பாட்டு முணுமுணுத்தபடி அளவுகளை ஒப்பிக்க ஆரம்பித்தாள். கடைசி அளவைக் கேட்டதும் கத்தரி நின்றது. பள்ளிச் சீருடைக்கு வருஷா வருஷம் அவர் வெட்டுகிற அளவு அது.

ஆக, அந்தச் சின்ன நிழல்! போர்வைக்குள் கிடந்தவை வெறும் தலையணைகள்! கோபம்தான் வரவேண்டும். ஆனால் அந்த நிமிர்ந்த முதுகு கண்ணை விட்டுப் போகவில்லை. அவருக்குப் பெருமையாக இருந்தது. மகளின் உடுப்புக்கு மட்டும் இரட்டைத் தையல் போட்டார்.

"சரி, தோத்துட்டேன். நீ, பாப்பா, நர்ஸு, மருந்துக்கடையம்மா. முன்னாடி நின்ன வெள்ளை அங்கி யாரு? டீச்சரா?"

"டீச்சர் கரையிலதானே இருந்தாங்க." மனைவியின் குரல் தாழ்ந்தது. "நாங்க நாலு பேருதாங்க தண்ணியில. எந்த வெள்ளை அங்கி?"

மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"எதுக்கு வம்பு? அவளுக்கும் ஒண்ணு தைச்சு வெச்சிடுங்க. கொஞ்சம் தாராளமாவே வெட்டுங்க."

தைத்தார். அடுத்த ஞாயிறு கொண்டுபோய்க் கரைக்கல்லில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கை உடுப்பை எடுக்கும் சரசரப்பு. நாணல் மறைவில் ஏதோ சலசலப்பு. பிறகு ஈரக்காலடிச் சத்தம் நேரே அவரை நோக்கி வந்து, அவர் முகத்துக்கு முன்னால் நின்றது.

"இடுப்புல கொஞ்சம் பிடிக்குது மாப்பிள்ளை," என்றார் அவருடைய மாமியார். "பிரிச்சுத் தைங்க."