பத்து நிமிடமும் மேம்பாட்டுக்காரரும்

குறை சொல்பவர்களை உங்களுக்குத் தெரியும். குறையைக் காதில் வாங்காதவர்களையும் தெரியும். அவர்களில் ஒருவருக்கு நீங்கள் மாதாமாதம் வாடகைகூடக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். இந்த இரண்டு பேரையும் விட ஆபத்தான மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. அவர் குறையைக் கேட்பார். முன்னால் சாய்ந்து, கண்ணை மூடி, தலையை ஆட்டி, நோட்டில் எழுதி, எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டி, "சரியா எழுதியிருக்கேனா?" என்றும் கேட்டுக்கொள்வார். பிறகு எழுந்து போய், நீங்கள் கேட்டதைத் தவிர உலகத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் செய்து கொடுப்பார். இவருக்கு மேம்பாட்டுக்காரர் என்று பெயர்.

மேம்பாட்டுக்காரர் எங்கும் முளைப்பார் என்றாலும் அவர் செழித்து வளர்வது பல்கலைக்கழகத்தில்தான். அதிலும் எங்கள் தென்கொரியாவில், பிள்ளை பெறுவதையே ஊர் மறந்துவிட்ட மாகாணங்களில், மலை உச்சியில் கட்டிவைத்த பல்கலைக்கழகங்களில் அவரைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். அங்கே மாணவர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். அவர்கள் குறையக் குறைய, மிச்சமிருப்பவர்களைத் திருப்திப்படுத்தும் அலுவலகங்கள் பெருகுகின்றன. தேகு நகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் அப்படி ஒரு பல்கலைக்கழகத்தில், மாணவர் ஈடுபாடு மற்றும் திருப்தி மேம்பாட்டு மையத்துக்குத் தலைவராக இருப்பவர் நாம்குங் தேயோங்.

நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கெட்ட மனிதர் என்றால் இவ்வளவு கேடு செய்ய அவருக்கு நேரம் இருந்திருக்காது. சர்வே முடிவுகள் வரும் நாளில் நாம்குங் காலையில் சாப்பிடமாட்டார். ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடச் சொன்னால் எவனாவது மூன்று போட்டிருப்பான்; அந்த மூன்றைப் பார்த்து, வெளியூரில் படிக்கும் மகன் போனை எடுக்காததுபோல மனம் உடைந்து உட்கார்ந்திருப்பார்.

போன வருடம் மட்டும் அவருடைய மையம் நூற்று நாற்பத்திரண்டு நிகழ்ச்சிகளை நடத்தியது. கள்ளிச்செடியோடு மனம்விட்டுப் பேசுதல். ஊக்கமின்மையை ஊக்கத்தோடு எதிர்கொள்ளுதல். தனிமை விரும்பிகளுக்கான மாபெரும் ஒன்றுகூடல். தேர்வு நேரத்தில் நூலக வாசலில் கிம்பாப் என்ற சோற்றுச் சுருள் விநியோகம். பொட்டலத்தின் மேலே ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்தைக் கைபேசியில் படம் பிடித்து, கிம்பாப் எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று பதில் சொன்னால்தான் முள்ளங்கி ஊறுகாய் தருவார்கள். நிகழ்ச்சிக்கு வந்தால் புள்ளி. புள்ளி சேர்ந்தால் காப்பிக் கூப்பன். காப்பி குடித்தால் காப்பியைப் பற்றி ஒரு சர்வே.

எல்லா நிகழ்ச்சிக்கும் பேனர் உண்டு. நிகழ்ச்சி இல்லாமல்கூடப் பேனர் இருக்கலாம், பேனர் இல்லாமல் நிகழ்ச்சி இருக்க முடியாது. பேனருக்கு அடியில் இரண்டு வரிசையாக நின்று, முஷ்டியை மடக்கி உயர்த்தி, எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்து ஒரு போட்டோ. அந்தப் போட்டோதான் கல்வி அமைச்சகத்து மதிப்பீட்டாளர்களுக்குச் சாட்சி. ஒருமுறை வளாகத்துக் குளத்தில் தவறி விழுந்த மாணவன் ஒருவனை, உணவுக்கூடத்தில் சூப் ஊற்றும் அம்மாள் ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். பேனர் இல்லாததால் அது மாணவர் நலச் சேவையில் சேராது என்று நாம்குங்குக்கு ஒரே வருத்தம். அடுத்த வாரம் அவனை ஆழமில்லாத பக்கமாக இறக்கி, பேனர் கட்டி, முறைப்படி தூக்கினார்கள். அவனும் ஐந்து போட்டான்.

இப்படிப்பட்டவருடைய வாழ்க்கையில்தான் ஒரு 'ஒன்று' வந்து விழுந்தது.

மதிப்பீட்டுக்குத் தேவையான சராசரி நாலரை. மையத்தின் சராசரி நாலு புள்ளி நாலு ஒன்பது. எங்கோ ஒருத்தி, எந்த சர்வே வந்தாலும் எல்லாக் கேள்விக்கும் ஒன்று போட்டு, கருத்துப் பெட்டியில் ஒரே வரியை எழுதிவைக்கிறாள்: 'புதன்கிழமை மாலைப் பேருந்தைத் தயவுசெய்து பத்து நிமிடம் தாமதமாக எடுங்கள்.' கள்ளிச்செடி சர்வேயிலும் அதே வரி. ஊறுகாய் சர்வேயிலும் அதே வரி. சர்வே என்றால் பெயர் வெளியே வராது என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மறுநாள் காலை அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

ஓக் சேரிம் என்று பெயர், இறுதியாண்டு மாணவி. அவளுடைய சங்கதி இவ்வளவுதான். புள்ளியியல் என்ற ஒரு கட்டாயப் பாடம் பாக்கி. அதில் தேறினால் பிப்ரவரியில் பட்டம். பிப்ரவரியில் பட்டம் வாங்கினால் போஹாங் நகரத்தில் ஒரு கம்பெனி அவளுக்காக ஒரு நாற்காலியைப் பிடித்து வைத்திருக்கிறது. வகுப்பு புதன்கிழமை, நாலரையிலிருந்து ஆறு பத்து வரை. மலையிறங்கும் பேருந்தும் ஆறு பத்து. அதை விட்டால் ஏழரை. அறை வாடகைக்காக அவள் வேலை பார்க்கும் கடையில் ஏழு மணிக்கு நின்றாக வேண்டும். அதனால் ஆறு மணிக்கே நழுவுவாள். பேராசிரியர் கூ என்பவரோ வருகைப் பதிவை வகுப்பு முடியும்போதுதான் கூப்பிடுவார். மூன்று வாரம் 'வரவில்லை' என்று விழுந்துவிட்டது. நாலாவது விழுந்தால் பாடமே போச்சு, பட்டமும் போச்சு, நாற்காலியும் போச்சு.

நாம்குங் அவளுக்கு மக்காச்சோளத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பக்கத்தில் குறிப்பெடுக்க உதவியாளர் பாங் மிஜோங்.

"ஏம்மா, எங்க மேல அப்படி என்ன கோபம் உனக்கு?"

"கோபமெல்லாம் ஒண்ணும் இல்ல சார். பஸ் பத்து நிமிஷம் லேட்டா கெளம்பினா போதும்."

"புரியுது. பஸ்னு சொல்றே. ஆனா உண்மையான குறை பஸ்ஸுக்கு அடியில இருக்கும். பஸ்ஸுக்கு அடியில என்ன இருக்கு, யோசிச்சுச் சொல்லு."

சேரிம் நிஜமாகவே யோசித்தாள். "டயர் சார்."

நாம்குங் அதையும் எழுதச் சொன்னார்.

"சார், நான் பஸ் டிரைவர் பெக் கிட்ட ஏற்கெனவே கேட்டுட்டேன்," என்றாள் மிஜோங். "'எனக்கென்னம்மா, இன்னொரு காப்பி குடிச்சிட்டு எடுக்கறேன், யாராவது ஒரு வார்த்தை சொன்னாப் போதும்'னு சொல்றாரு. மத்த பசங்களும் நல்லதுதான்னு சொல்றாங்க. ஒரு போன் பண்ணிடட்டுமா?"

நாம்குங்கின் முகத்தில் ஈயாடவில்லை. "பண்ணிட்டு?"

"பஸ் ஆறு இருபதுக்குக் கெளம்பும் சார்."

"கெளம்பும். அதை எப்படிக் காட்டறது? நின்னுட்டிருக்கிற பஸ்ஸைப் போட்டோ எடுத்தா, அது பத்து நிமிஷம் மேம்பட்டு நிக்குதா, சும்மா நிக்குதான்னு எவன் கண்டான்? எதைப் பேனர்ல போடுவே, எங்க கையெழுத்து வாங்குவே? இந்தப் பொண்ணு இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கா, இவளுக்கு வெறும் பத்து நிமிஷத்தைக் கொடுத்து அனுப்பச் சொல்றியா?"

"அது போதும் சார்," என்றாள் சேரிம்.

"போதும்னு நீ நெனைக்கறேம்மா. அதைத்தான் என்னால தாங்க முடியல," என்றார் நாம்குங். அவர் கண் கலங்கியது நிஜம். இந்த வகையைச் சேர்ந்தவர்கள் நடிப்பதே இல்லை.

பிறகு அவர் உழைத்த உழைப்பு இருக்கிறதே, நாலு பேருந்தை அவரே தோளில் வைத்து மலையிறக்கியிருக்கலாம். பேருந்து நிற்கும் இடத்தில் ஊஞ்சல் போட்டார். ஊஞ்சலுக்கு எதிரே இதய வடிவத்தில் போட்டோ எடுக்கும் வளைவு வைத்தார். போய்விட்ட பேருந்தை நோக்கிக் கையசைத்து விடைகொடுக்க ஒரு மேடை கட்டினார். எல்லாவற்றுக்கும் சிகரமாகப் புதன்தோறும் ஒரு நிகழ்ச்சி: 'தவறவிட்ட பேருந்தும் நானும்'. தலைநகர் சியோலிலிருந்து ஒரு நிபுணர் வந்து, பேருந்தைத் தவறவிடும்போது எப்படி மூச்சு விடுவது என்று சொல்லித்தருவார். ஐந்தரைக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடியும். ஏன் ஆறு மணிக்கு? கலந்துகொண்டவர்கள் ஆறு பத்துப் பேருந்தைப் பிடிக்க வேண்டாமா?

நிகழ்ச்சிக்கு வந்தவர்களுக்கு ஒரு காகிதம் கிடைக்கும். பல்கலைக்கழகப் பணிக்காக வகுப்பை விட்டு வந்தார், வந்ததாகவே பதிவு செய்க என்று பேராசிரியருக்கு எழுதிய காகிதம். அதை நாம்குங் இரண்டு கையாலும் சேரிமிடம் நீட்டினார்.

"சார், எனக்கு கிளாஸுக்குப் போகாம இருக்கிறதுக்கு லெட்டர் வேணாம். கிளாஸ்ல இருக்கணும்."

"இருக்கலாமே. இந்தக் காகிதம் இருந்தா நீ கிளாஸ்ல இருக்கறதாத்தானே அர்த்தம்?"

"முன்னாடி பத்து நிமிஷம்தான் சார் போச்சு. இப்ப நாப்பது நிமிஷம் போகுது."

"ஆனா வருகை முழுசா விழும். பாத்தியா, கேட்டதுக்கு நாலு மடங்கு."

பேராசிரியர் கூவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நாலரையிலிருந்து ஐந்தரை வரை அவர் தன்னுடைய ராணுவ நாட்களைச் சொல்வார். பனியில் பள்ளம் வெட்டியது, காவலரண் அதிகாரியின் நாய், எல்லாம் வரும். புள்ளியியல் தொடங்குவதே ஐந்தரைக்குத்தான். நோட்டைக் கடன் வாங்கிப் படிக்கலாமே என்பீர்கள். அந்த வகுப்பில் நோட்டு எழுதுகிற ஒரே ஆள் சேரிம்தான். ஆனால் நாலாவது 'வரவில்லை' கழுத்தில் கத்தியாக நிற்கிறது. வேறு வழி? காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

நிகழ்ச்சி அமோகமாக நடந்தது. பேருந்தைத் தவறவிடுபவர்களுக்கான வகுப்பில் உட்கார்ந்த ஒருவர்கூடப் பேருந்தைத் தவறவிடவில்லை. நூறு சதவீத வெற்றி என்று நாம்குங் அறிக்கையில் எழுதினார். வாரா வாரம் முதல் வரிசையில் முஷ்டியை உயர்த்திக்கொண்டு சேரிம் நிற்கிறாள், போட்டோவில் பார்க்கலாம். சர்வேயில் என்ன போட்டாள் என்கிறீர்களா? ஐந்து. இப்போது ஒன்று போட்டால், காரணத்தை இருநூறு எழுத்துக்குக் குறையாமல் விளக்குக என்று ஒரு பெட்டி திறக்கும். அதை நிரப்பி முடிப்பதற்குள் பேருந்து போய்விடும். சராசரி நாலு புள்ளி ஐந்து இரண்டு ஆனது. மதிப்பீட்டாளர்கள் வந்தார்கள், ஊஞ்சலில் ஆடினார்கள், போகிற பேருந்துக்குக் கையசைத்தார்கள், மற்ற பல்கலைக்கழகங்களும் பின்பற்றத் தக்கது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள்.

டிசம்பரில் தேர்வு. நாலாவது 'வரவில்லை' சேரிமுக்கு விழவே இல்லை. ஆனால் கேள்வித்தாளில் அவளுக்குத் தெரிந்தது பேராசிரியர் கூவின் பெயர் மட்டும். பாடம் போனது. பிப்ரவரிப் பட்டம் போனது. போஹாங் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள்.

நாம்குங்குக்கு விஷயம் தெரிந்து மதியச் சாப்பாட்டை அப்படியே தள்ளிவைத்தார். சோகம் அரை மணி நேரம் தாங்கியது. பிறகு மிஜோங்கிடம் கேட்டார், "அப்ப அடுத்த பருவத்துக்கும் அவ இங்கதான் பணம் கட்டி இருப்பாளா?"

"இருப்பா சார். வேற எங்க போவா?"

"அப்ப தொடர்ந்து படிப்போர் விகிதத்துல ஒண்ணு கூடுமே?"

அவர் தானே கணக்குப் போட்டுப் பார்த்தார். கூடத்தான் செய்தது.

மார்ச்சில் பருவம் தொடங்கிய முதல் புதன்கிழமை, ஆறு பத்துக்குப் பேருந்து போன பிறகு, சேரிம் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். ஆடவில்லை. புள்ளியியல் வகுப்பில் கடைசிவரை இருந்துவிட்டு வந்திருந்தாள். அதற்காகக் கடை வேலையையும் விட்டாயிற்று. அடுத்த மாத வாடகைக்கு என்ன வழி என்று இன்னும் யோசிக்கவில்லை. அந்தப் பக்கமாக வந்த நாம்குங் அவளைப் பார்த்ததும் நோட்டை எடுத்தார், மிஜோங்கையும் கைகாட்டி அழைத்தார். மனதார, அக்கறையோடு, குனிந்து கேட்டார்.

"சொல்லும்மா. இந்தப் பருவத்துல உனக்கு நாங்க என்ன செஞ்சு தரணும்?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள்.

"ஒண்ணும் வேணாம் சார்."

"ஒண்ணுமே வேணாமா? நெஜமாவா?"

"எல்லாம் நல்லா இருக்கு சார்."

இருபது வருடப் பணியில் ஒரு மாணவி இப்படிச் சொல்லி நாம்குங் கேட்டதில்லை. "எழுதிக்கோ," என்றார் மிஜோங்கிடம். "கோரிக்கை, இல்லை. குறை, தீர்ந்தது." மிஜோங் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் எழுதாமல் நின்றாள்.

நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. பல்கலைக்கழகம் பக்கமே நான் போவதில்லை, சர்வே எடுப்பதில்லை, பேனர் கட்டுவதில்லை என்கிறீர்கள். இருக்கட்டும். உங்கள் வீட்டில் சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று ஒருவர் சொன்னாரே. நீங்களும் பொறுமையாகக் கேட்டீர்கள். அவருடைய களைப்புதான் அப்படிப் பேசுகிறது என்று புரிந்துகொண்டு கடற்கரைக்குக் கூட்டிப்போனீர்கள், புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தீர்கள், எல்லோருமாக நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டீர்கள். இப்போதெல்லாம் அவர் குழாயைப் பற்றிப் பேசுவதே இல்லை, இல்லையா? வீடு எவ்வளவு அமைதியாகிவிட்டது என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால், ஒரு நடை சமையலறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.