தூங்குகிறவன் படத்துக்குக் கீழே

ரிச்சர்ட்சன், டெக்சஸ்
நவம்பர் 2001

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மருமகன் சாந்தகுமாரின் ஸ்தோத்திரம். கர்த்தர் கிருபையால் ஜூடித்தும் ஆலனும் சுகம். நான் அளவுக்கு மீறிய சுகத்தில் இருப்பதாகப் பாளையங்கோட்டையில் தாங்கள் கேள்விப்பட்டதும் உண்மையே.

தாங்கள் சட்டம் போட்டு அனுப்பிய பழைய ஆங்கிலேயச் செதுக்குப் படங்கள் உடையாமல் வந்து சேர்ந்தன. ஒரே தறிக்கூடத்தில் வேலை பழகும் இரண்டு பையன்கள். உழைக்கிறவன் முதலாளி மகளைக் கட்டி லண்டன் மேயராகிறான், தூங்குகிறவன் தூக்கில் தொங்குகிறான். வேலை போன மருமகன் இவற்றைத் தினமும் பார்த்துத் திருந்த வேண்டும், கிறிஸ்துமஸுக்குள் வேலை கிடைக்காவிட்டால் மகளையும் பேரனையும் நேரில் வந்து அழைத்துப் போவேன் என்ற தங்கள் குறிப்பையும் படித்தேன். படத்தைச் செதுக்கியவருக்கு டெலிபோன் கம்பெனிகளைத் தெரியாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். என் பக்கத்து இருக்கையில் நஞ்சுண்டன் என்றொருவர். கம்பெனியில் எங்களுக்கு ஆளுக்கொரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கொடுத்தார்கள். நான் சனி ஞாயிறு பாராமல் உழைத்துக் கெடுவுக்கு முன்பே முடித்தேன். முடிந்துவிட்டதால் இனி என்னால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். நஞ்சுண்டன் மத்தியானம் காரில் சீட்டைச் சாய்த்துத் தூங்குகிறவர். அவருடையது பாதியில் நிற்கிறது, அந்தப் பாதி அவரைத் தவிர யாருக்கும் புரியாது, ஆகவே அவரை அனுப்ப முடியவில்லை.

இதை யோசித்துத்தான் தூங்குகிறவன் படத்தை மட்டும் ஹாலில் சோபாவுக்கு மேலே மாட்டி, அதன் கீழே படுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஜாய் ஆன்ட்டி படத்தைக் காட்டி, "இப்படி வாயப் பொளந்து தூங்குறானே, யாருப்பா இது?" என்று கேட்க, ஆலன் "தட்ஸ் மை டாட்" என்றான். ஆன்ட்டி உடனே கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்த வீட்டுல தூங்குற மகன எழுப்பும்" என்று ஆரம்பித்து, பிரியாணி ஆறுவதையும் மறந்து ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஜூடித்தின் ஆமென்தான் சத்தமாக இருந்தது.

"நீயுமா?" என்றேன்.

"நாள் பூரா ஆஸ்பத்திரில நின்னுட்டு வாரேன். வந்து உக்காரலாம்னா சோபால நீங்க."

"உங்கப்பா கூப்பிட வந்தா போயிருவியா?"

"ஊருக்குப் போக எனக்கு லீவு ஏது?"

ஆகவே மாமா டிக்கெட் எடுக்க வேண்டாம். உழைத்தவனை மேயராக்குகிற ஊர் டெக்சஸில் எங்கே இருக்கிறது என்று தாங்கள் காட்டும்வரை நான் எழுந்திருக்கப் போவதுமில்லை. அத்தைக்கு என் அன்பு. தங்கள் முழங்கால் வலி குறைய நாள்தோறும் படுத்தபடியே ஜெபித்து வருகிறேன்.

இப்படிக்கு,
கீழ்ப்படிய மறுக்கும் மருமகன்
சாந்தகுமார்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்க்குமுன் நஞ்சுண்டன் தம் புரோகிராமில் ஒரு சந்தேகம் கேட்க வந்தார். பாதியில் நிற்கிற வேலையைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. சனி ஞாயிறு உட்கார்ந்து முழுவதையும் முடித்துக் கொடுத்தேன். திங்கட்கிழமை அவரையும் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்து தங்கியிருக்கிறார்; இப்போது சோபாவில், படத்துக்கு நேர் கீழே, வாயைப் பிளந்து தூங்குகிறார். எனக்குப் படுக்க இடமில்லை. நாளை காலை வேலை தேடக் கிளம்புகிறேன்.