புளியங்கொல்லையில் இங்கிலாந்து ராஜாவுக்குத் தீர்ப்பு

ஜவ்வாது மலையின் வரலாற்றை இனிமேல் எழுதுகிறவர்கள் இரண்டாகப் பிரித்தே எழுத வேண்டும்: முதலாம் எலிசபெத் ராணி காலத்து நாடகங்கள் மலையேறுவதற்கு முன், மலையேறிய பின். முன்னதில் சாமை விளைந்தது, புளி காய்த்தது, பலா பழுத்தது. குறிப்பிடும்படியாக வேறொன்றும் நடக்கவில்லை. பின்னதைத் தொடங்கிவைத்தவர்களில் அடியேனும் ஒருவன் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். அடக்கம் எங்கள் வாரியத்தின் விதிகளில் ஒன்று.

வாரியத்தின் முழுப் பெயர் உலகச் செவ்வியல் நாடகப் பரவலாக்கல் வாரியம். சொல்லி முடிப்பதற்குள் கேட்பவர்களில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவதால் உ.செ.நா.ப.வா. என்று சுருக்கினோம். இப்போது மீதிப் பேரும் போய்விடுகிறார்கள். இயக்குநர் சக்கரவர்த்தி ஐயா. அவர் ஒரு முறை லண்டனுக்குப் போய், மழையில் நின்றபடியே ஒரு நாடகத்தைப் பார்த்து, சளியோடும் லட்சியத்தோடும் திரும்பி வந்தவர். சளி போய்விட்டது.

திட்டம் பிறந்த கூட்டத்தை நான் மறக்க மாட்டேன். "மலை மக்களுக்கு என்ன இல்லை?" என்று ஐயா கேட்டார்.

"பஸ் இல்லைங்க ஐயா" என்றார் எழுத்தர் கோகுல்ராஜ். "டாக்டர் இல்லை. செல்போன் டவர் இல்லை."

"அதெல்லாம் பல பேருக்கு இல்லை. அவர்களில் ஒருவருக்குக்கூட இல்லாதது எது?"

உடனே ஒரு கணக்கெடுப்பு நடந்தது. புளியங்கொல்லை என்ற மலைக்கிராமத்தில் செருப்பு இல்லாதவர் சிலர், ரேஷன் அட்டை இல்லாதவர் சிலர். ஆனால் எலிசபெத் காலத்து நாடகத்தைப் பார்க்காதவர் நூற்றுக்கு நூறு! இவ்வளவு தூய்மையான பற்றாக்குறையை எந்தத் துறையும் அதுவரை கண்டதில்லை. தேநீர் வருவதற்குள் திட்டம் நிறைவேறிவிட்டது.

ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் நான் முதலில் போய் ஊரைக் கூட்டினேன். ஜமுனாமரத்தூர் வரை பஸ். அதற்கப்புறம் ஒரு புண்ணியவானின் பைக். ஊர் எனக்கு முன்னால் மரியாதையாக உட்கார்ந்திருந்தது. புதியவர்களுக்குப் புரியும்படி எளிமையாகச் சொன்னேன்: "ரெண்டு வகை உண்டு. வரலாற்று நாடகம்னா ராஜா சாவார். நகைச்சுவை நாடகம்னா கல்யாணம் நடக்கும்."

"ரெண்டுத்துக்கும் பந்தல் போடணும்" என்றார் கலைவாணி.

கலைவாணிக்கு ஒரே மகள், ரம்யா. அப்போதுதான் பத்தாம் வகுப்பு எழுதி நல்ல மார்க்கோடு தேறியிருந்தாள். பதினொன்றாவது படிக்க ஜமுனாமரத்தூருக்குத்தான் போக வேண்டும். ஊருக்கு வந்துகொண்டிருந்த ஒற்றை பஸ் நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பஸ் ஓடிய காலத்தில் பத்தாவது முடித்தவர்கள் மேலே படித்தார்கள். அதற்கப்புறம் முடித்த பெண்கள் சாமை விதைக்கிறார்கள்.

"பஸ் வந்தா அனுப்பறேன் சார். வர்லன்னா காட்டு வயியில இத்த ஒண்டியா நான் உடமாட்டேன்" என்றார் கலைவாணி.

நகைச்சுவை நாடகத்தில், ஆண் வேடம் போட்டுக்கொண்டு வெளியூர் போகும் பெண்ணாக நடிக்க முடியுமா என்று ரம்யாவைக் கேட்டேன். அந்தக் காலத்து நகைச்சுவை நாடகம் என்றால் எவளாவது ஒருத்தி மீசை ஒட்டிக்கொண்டே தீருவாள். அப்பா உட்பட யாருக்கும் அடையாளம் தெரியாது. அதுதான் கலை.

"நாடகத்துக்குப் பெரிய ஆபிசர் யாராச்சும் வருவாங்களா சார்?" என்று கேட்டாள்.

"இயக்குநரே வருகிறார்."

"அப்ப நடிக்கறேன்."

கலைமேல் இவ்வளவு ஆர்வமா என்று நெகிழ்ந்து போனேன்.

மே மாதத்தில் ஒரு நாள், காலை பத்து மணிக்கு எங்கள் வாரியத்தின் நீளமான பஸ் புளியங்கொல்லைக்கு ஏறி வந்து சேர்ந்தது. உள்ளே இரண்டு சிம்மாசனங்கள், ஒரு பெட்டி நிறையக் கிரீடங்கள், மேடையில் மூட்டம் பரப்பும் புகை இயந்திரம். அன்று மலையே மூட்டத்தில் மறைந்திருந்தது. இருந்தாலும் வாங்கிய இயந்திரத்தை ஓட்டாமல் இருக்க முடியுமா? ஓட்டினோம். ஊருக்கு நாங்களும் எங்களுக்கு ஊரும் அரை மணி நேரம் தெரியவில்லை. ஐயா பின்னாலேயே காரில் வந்து இறங்கி, முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

முதலில் வரலாற்று நாடகம். இரண்டு பங்காளிகள், ஒரு கிரீடம், ஐந்து அங்கங்கள், கணக்கில்லாத சாவுகள். ராஜாவாக இல்யாஸ். வாணியம்பாடியில் செருப்புக் கடை வைத்திருப்பவர். தோல் கவசம், முழங்காலுக்கு மேலே ஏறும் பூட்ஸ், தோல் கையுறை எல்லாம் அவரே தைத்தவை. பங்காளியாக எங்கள் கோகுல்ராஜ். அவருக்கு எழுத்தர் சம்பளத்திலேயே நடிப்பும் சேர்த்தி.

"துரோகி!" என்று கர்ஜித்த இல்யாஸ், வலது கையுறையைக் கழற்றி மேடை நடுவில் வீசினார். கையுறையை வீசினால் "சண்டைக்கு வா" என்று அந்தக் காலத்து இங்கிலாந்தில் பொருள். அது கீழே விழும்போது கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஐயாவின் குறிப்பில் இருந்தது. கூட்டமும் பிடித்துக்கொண்டது. ஐயாவின் முகம் மலர்ந்தது.

அப்போது ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் துரைக்கண்ணு எழுந்து, வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார். "யாரும் எந்திரிக்காதீங்க" என்றார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஊர் கூடியிருக்கும் இடத்தில் ஒருவர் தன் தோள்துண்டு போல உடம்பில் போட்டிருப்பதைக் கழற்றி நடுவில் போட்டால் நியாயம் கேட்கிறார் என்று அர்த்தம். தீர்ப்பு ஆகும்வரை ஊர் எழுந்திருக்கக் கூடாது. விருந்தாளியும் எழுந்திருக்கக் கூடாது.

"அது துணி இல்லைங்க, தோல்" என்றேன் அவசரமாக.

"ஒடம்புல இருந்து கயட்டுனதுதான சார்?" என்றவர், ராஜாவின் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேருக்கும் தாத்தா ஒருத்தருதானா?"

"ஒருத்தருதாங்க" என்றார் கோகுல்ராஜ். வசனப்படி அது உண்மை.

"சொத்து இன்னா?"

"இங்கிலாந்துங்க."

"தண்ணி வசதி எப்படி?"

இல்யாஸ் என்னைப் பார்த்தார். நான் ஐயாவைப் பார்த்தேன். "நாலு பக்கமும் தண்ணிங்க" என்றார் இல்யாஸ்.

"அவ்ளோ தண்ணிய வெச்சிக்கினா அடிச்சிக்கிறீங்க?" என்று மாணிக்கம்மாள் என்ற பெரியம்மா கூட்டத்திலிருந்து கேட்டார். "உயுது பயிர் வெக்கிறது யாரு?"

"அது யாரோ வெக்கிறாங்கம்மா. நாங்க கிரீடம் மட்டும்தான் வெச்சிக்கிறோம்."

ஊர் சிரித்து ஓய்ந்ததும் துரைக்கண்ணு தீர்ப்புச் சொன்னார். உழுகிறவர்களுக்கு நிலம். கிரீடம் ஒரு வருஷம் அண்ணனுக்கு, ஒரு வருஷம் தம்பிக்கு. இரண்டு பேரும் இப்போதே ஒரே இலையில் சாப்பிட வேண்டும். ஊரை உட்காரவைத்ததற்காக, வைகாசி முடிவதற்குள் ராஜா ஒரு தடவை வந்து வெற்றிலை பாக்கு வைத்துவிட்டுப் போக வேண்டும்.

"இன்னும் நாலு அங்கம் பாக்கி இருக்கிறது!" என்று ஐயா அலறினார். "ஒருவர்கூடச் சாகவில்லையே!"

"எதுக்கு சார் சாவணும்? அதான் பேசி முடிச்சாச்சே" என்றார் துரைக்கண்ணு.

இல்யாஸ் மேடை ஓரமாக வந்து என் காதில் சொன்னார்: "சார், சாமைச் சோறு சூடா கீதாம். நாட்டக் குடுத்துடலாம் சார்." பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கவசத்தில் கையை வைத்து, "கண்டிப்பா வர்றேன்" என்றார். இங்கிலாந்தின் பங்காளிச் சண்டை மதியச் சாப்பாட்டுக்குள் தீர்ந்தது.

அடுத்தது நகைச்சுவை. தலைப்பாகையும் மீசையுமாக ரம்யா மேடைக்கு வந்தாள்.

"இன்னாடி இது மீசை?" என்றார் கலைவாணி கீழே இருந்து. கலை அங்கேயே பாதி செத்தது.

"வெளியூரு போறேம்மா. பொம்பளப் புள்ளையா போனா உடமாட்டாங்களாம்."

இதுவரை கிட்டத்தட்ட வசனம். அதற்கப்புறம் அவள் செய்தது எந்தப் பக்கத்திலும் இல்லை. நான் எல்லாப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். தலைப்பாகையைக் கழற்றி மேடை நடுவில் வைத்தாள்.

"நியாயம் கேக்கறேன்."

"யாரு மேல?" என்றார் துரைக்கண்ணு.

"பஸ்ஸு மேல. ரெண்டு வருசமா வர்ல. நான் மேல படிக்கணும். எனக்குப் பின்னாடி கீற புள்ளைங்களும் படிக்கணும்." அவள் குரல் நடுங்கியது. மீசை நடுங்கவில்லை, நல்ல பசை.

"பஸ்ஸுக்குப் பதில் சொல்ல யாரு வந்துகீறாங்க?"

ஊர் மொத்தமும் முன்வரிசை நாற்காலியைப் பார்த்தது. "நான் நாடகம்" என்றார் ஐயா. "பஸ் வேறு துறை."

"ரெண்டும் கவருமெண்டுதான சார்? அண்ணன் வர்லன்னா தம்பிதான் பதில் சொல்லணும். எங்க வழக்கம் அது" என்றார் துரைக்கண்ணு.

ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டார். "சம்பந்தப்பட்ட சாலை, வளைவுகளின் காரணமாக, பேருந்து ஏறுவதற்குத் தகுதியற்றது என்று ஆய்வில்..."

அவர் பாதியில் நிறுத்தியதற்குக் காரணம், ஊரே வேறு பக்கம் திரும்பிவிட்டதுதான். அங்கே பலா மரத்தடியில் எங்கள் நீளமான பஸ் நின்றிருந்தது. ஓட்டுநர் ஜன்னலில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அது நாடக பஸ்" என்றார் ஐயா.

"அதுக்கு றெக்க கீதா சார்?" என்று கேட்டார் மாணிக்கம்மாள்.

ஐயாவுக்கு அன்று சாயங்காலம் வேலூரில் ஒரு பாராட்டு விழா. தீர்ப்பு ஆகாமல் எழுந்திருக்கவும் முடியாது. வெளியே போகும் வழியெல்லாம் ஊர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. கடைசியில் அவரே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சில் வைத்து, "பள்ளி திறக்கும் நாளிலிருந்து, உங்கள் பஸ் வரும்வரை, எங்கள் பஸ் வரும். இது என் வாக்கு" என்றார். மலை அதிரக் கைதட்டினார்கள். கலைவாணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது. புகை இயந்திரத்தைக் காரணம் சொல்லிச் சமாளித்தேன்.

அறிக்கையில் "பார்வையாளர் பங்கேற்பு: மிக நன்று" என்று எழுதினேன். மாநில அளவில் எங்களுக்குக் கேடயம் கிடைத்தது. பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் ஐயாவுக்கு நினைவூட்டினேன்.

"எந்த பஸ்?" என்றார்.

"நீங்கள் வாக்குக் கொடுத்த பஸ்."

"அட, அது நாடகத்தில் சொன்னதல்லவா! அந்தப் பெண் மீசையோடு நின்றாள். மீசையை எடுக்காதவரை நாடகம் முடியவில்லை. அதற்குள் யார் என்ன பேசினாலும் அது வசனம். வசனத்தை நம்பி பஸ் விட்டால் நாளைக்கு இங்கிலாந்தை எழுதிக்கொடு என்பார்கள்."

கூட்டம் போட்டு இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றினோம். நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த நேரம் பஸ், சிம்மாசனங்களோடு இன்னொரு மலைக்கு ஏறிக்கொண்டிருந்தது.

ஆனாலும் வாரியம் ரம்யாவை மறக்கவில்லை. "சிறந்த நடிப்புக்காக" என்று பொன்னெழுத்தில் அச்சடித்த சான்றிதழ் ஒன்றை என்னிடம் கொடுத்து அனுப்பியது. பெயர் எழுதும் இடம் காலி; வாங்குகிறவர் எழுதிக்கொள்வது எங்கள் வழக்கம். பள்ளி திறந்து ஒரு வாரம் கழித்து, பைக்கில் புளியங்கொல்லைக்குப் போனேன்.

"ராஜா வந்துட்டுப் போய்ட்டாரு சார்" என்று வரவேற்றார் துரைக்கண்ணு. இல்யாஸ் கடையை மூடிவிட்டு, வெற்றிலை பாக்கோடு பஸ் இல்லாத தூரத்தையெல்லாம் பைக்கில் வந்து, ஊர் நடுவில் தட்டை வைத்து, வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

"அவர் ராஜா இல்லைங்களே, செருப்புக் கடை" என்றேன். "அதெல்லாம் நடிப்பு."

"எங்களுக்குத் தெரியாதா சார்? ஆனா ஊரு நடுவுல வர்றேன்னு சொன்னாருல்ல."

ரம்யா கொல்லைக் காட்டில் அம்மாவோடு சாமை விதைத்துக்கொண்டிருந்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து சான்றிதழை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். அவள் சிரித்தாள் என்று அறிக்கையில் எழுத எனக்கு ஆசையாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு எதுக்கு சார் இது? நான் அன்னிக்கி நெஜமாதான் கேட்டேன். வேஷமே கட்டாம நடிச்சவரு உங்க பெரிய சாருதான். நடிக்கறாருன்னு இந்த ஊருல ஒருத்தருக்கும் தெரியல. இத்த அவருக்கே குடுத்துடுங்க."

கொண்டுவந்து கொடுத்தேன். ஐயா மிகவும் நெகிழ்ந்து, தம் பெயரை எழுதி, சட்டம் போட்டு, நாற்காலிக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறார்.